அறிவியல் புனைகதைப் படத்தில் ஞானகுரு சண்டை போடலாமா?

போடலாம். ஆனால் ஜெயிப்பதற்காகப் போடக் கூடாது.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் கையில் ஒரு திரைக்கதை இருக்கிறது, அதில் தாடி வைத்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், கிளைமாக்ஸில் அவர் வாளைத் தூக்குவதா வேண்டாமா என்று தடுமாறுகிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த விவாதம் எங்கே ஆரம்பித்தாலும் ஸ்டார் வார்ஸ் படங்களின் முதிய குரு யோடாவிடம் வந்துதான் நிற்கும். 1980 படத்தில் அவர் 66 சென்டிமீட்டர் உயரப் பொம்மை. உள்ளே இருந்தது பொம்மலாட்டக் கலைஞர் ஃப்ராங்க் ஆஸின் கை. போரால் யாரும் பெரியவனாவதில்லை என்று சீடன் லூக்கிடம் சொல்கிறார். பிறகு கண்ணை மூடி, கையை லேசாக நீட்டி, சேற்றில் முழுகிய விண்கலத்தைத் தூக்கிக் கரையில் வைக்கிறார். உடம்பு ஒரு பொருட்டே இல்லை என்ற பாடம் அந்த ஒரு காட்சியிலேயே முடிந்துவிட்டது.

2002 படத்தில் அதே யோடா வில்லன் கவுண்ட் டூக்குவோடு வாள் சண்டை போட்டார். கைதட்டல் வாங்கிய காட்சிதான், மறுக்கவில்லை. அவர் சண்டை போட்டதே தப்பு என்றும் சொல்லவில்லை. தப்பு நடந்த இடத்தை விரல் வைத்துக் காட்ட முடியும். டூக்கு மின்னலை ஏவுகிறார், யோடா வெறுங்கையால் தடுத்துத் திருப்புகிறார். அதுவரை அவர் குரு. அடுத்து டூக்கு, இதை ஃபோர்ஸ் (அந்தக் கதையில் வரும் மாயசக்தி) ஞானத்தால் தீர்க்க முடியாது, வாள் திறமைதான் தீர்க்கும் என்ற பொருளில் ஒரு வசனம் பேசுகிறார். யோடாவும் வாளை உருவிவிடுகிறார். பரீட்சைத் தாளை எதிரி தயாரிக்கிறான், குரு உட்கார்ந்து எழுதுகிறார். அங்கேதான் சரிவு. அப்புறம் குட்டிக்கரணம், பாய்ச்சல், சுழற்சி. எல்லாம் முடிந்ததும் கைத்தடியை வரவழைத்து அதன்மேல் சாய்கிறார். அப்படியானால் அந்தத் தடி எதற்கு என்ற கேள்வி பார்வையாளனுக்கு வந்தே தீரும்.

அதே காட்சியின் முடிவு மட்டும் அருமை. தப்பிக்க வழி தேடும் டூக்கு, அடிபட்டுக் கிடக்கும் இரண்டு சீடர்கள்மேல் பெரிய தூணைச் சாய்க்கிறார். யோடா எதிரியை விட்டுவிட்டுத் தூணைத் தாங்குகிறார். எதிரியா, சீடனா என்ற தேர்வு அந்தச் சண்டைக்குள்ளேயே இருந்தது. குட்டிக்கரணங்களில் பாதியை வெட்டியிருந்தால் அது இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும்.

சரியாகச் செய்த சண்டை 1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் இருக்கிறது. லூக்கின் முதல் குரு ஓபி-வானாக நடித்த அலெக் கின்னஸுக்குப் படப்பிடிப்பின்போது 62 வயது. திரையில் ஒளிரும் அந்த வாள் வெறும் கோல். அதன்மேல் ஒளியைத் திருப்பியடிக்கும் பொருளைச் சுற்றி, மோட்டார் வைத்துச் சுழலவிட்டார்கள். ஓங்கி அடித்தால் உடைந்துவிடும். அதனால் ஓபி-வானும் வில்லன் டார்த் வேடரும் மெதுவாகத்தான் மோதுகிறார்கள். அந்த மெதுவே அழகு. ஓபி-வான் திரும்பி லூக்கைப் பார்க்கிறார், சின்னதாக ஒரு புன்னகை, வாளை முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடிக்கிறார், வெட்டை வாங்கிக்கொள்கிறார். கீழே விழுவது வெறும் அங்கி. டார்த் வேடர் அதைக் காலால் மிதித்துப் பார்க்கிறார், உள்ளே ஆள் இல்லை. இதற்கு முன்னால் மதுக்கடையில் ஓபி-வான் ஒரே வீச்சில் ஒருவனுடைய கையை வெட்டியிருப்பார், சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகள் இல்லையென்றால் பிந்தைய காட்சியைக் கிழவனின் தோல்வி என்றுதான் படித்திருப்போம். திறமையை முன்கூட்டி ஒருமுறை காட்டிவிடுங்கள், அப்போதுதான் அவர் விட்டுக்கொடுப்பது விட்டுக்கொடுப்பதாகத் தெரியும்.

"துரோணர் சண்டை போடவில்லையா, அவரும் குருதானே" என்று யாராவது வருவீர்கள். போட்டார். ஆனால் நம் மனதில் நிற்பது அவர் எத்தனை பேரைக் கொன்றார் என்ற கணக்கு இல்லை. ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுத் தேரில் யோகத்தில் அமர்ந்ததுதான் நிற்கிறது.

சண்டையையே பாடமாக்கும் வழியும் உண்டு. 1999 மேட்ரிக்ஸ் படத்தில் குரு மார்ஃபியஸ் தன் சீடன் நியோவோடு, கணினி உருவாக்கிய பயிற்சிக் கூடத்தில் மோதுகிறார். அடிக்கு நடுவே நிறுத்தி, நீ சுவாசிப்பது காற்று என்றா நினைக்கிறாய் என்று கேட்கிறார். அதே மார்ஃபியஸ் பிறகு வில்லன் ஏஜென்ட் ஸ்மித்தின்மேல் பாய்வது மற்றவர்கள் தப்பிக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே. அடி வாங்கிப் பிடிபடுகிறார். 2017 ஸ்டார் வார்ஸ் படத்தில், இப்போது தானே குருவாகிவிட்ட லூக் இன்னும் ஒரு படி மேலே போகிறார். உப்புத் தரையில் எதிரியான பழைய சீடன் கைலோ கால் வைக்கும் இடமெல்லாம் சிவக்கிறது, லூக் கால் வைத்த இடத்தில் தடமே இல்லை, ஏனென்றால் அங்கே நிற்பது அவருடைய உருவம் மட்டுமே. இருவர் வாளும் ஒருமுறைகூட மோதுவதில்லை. குகைக்குள் இருப்பவர்கள் தப்பிக்க நேரம் வாங்கிக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

    

இனி உங்கள் படம். 15 நிமிடக் குறும்படம் என்றால் குருவின் சண்டை 40 நொடியைத் தாண்ட வேண்டாம். எட்டு முதல் பத்து அடி போதும், அதில் பெரியவர் தடுப்பது குறைந்தது ஆறு இருக்கட்டும். அறுபதைத் தாண்டிய நடிகர் என்றால் இரண்டு இரண்டு அடியாகப் பிரித்து, முதலில் பாதி வேகத்தில் ஒத்திகை பாருங்கள். முகத்துக்கு நேராக எந்த அடியும் வேண்டாம், தோளுக்கு வெளியேதான் குறி. டூப் போடுவதானால் முதுகுப் பக்கத்திலிருந்து எடுங்கள், முகம் தெரியும் ஷாட்டில் அவர் நிற்கவும் மூச்சு வாங்கவும் மட்டும் செய்யட்டும்.

ஒளிவாளுக்கு பாலிகார்பனேட் (எளிதில் உடையாத பிளாஸ்டிக்) குழாய் நல்லது. உள்ளே முழு நீளத்துக்கும் எல்ஈடி பட்டை வைத்தால் முகத்தில் வெளிச்சம் அழகாக விழும், ஆனால் பலமாக மோதினால் கம்பிகளை ஒட்டிய சால்டர் விட்டுப்போய்ப் பாதி வாள் இருண்டுவிடும். மோதும் ஷாட்டுக்குக் கைப்பிடியில் மட்டும் எல்ஈடி உள்ள வாள், க்ளோஸப்புக்குப் பட்டை வாள் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்ஈடி கேமராவில் மினுக்குகிறதா என்று முதல் நாளே ஷட்டர் வேகத்தை மாற்றி மாற்றிச் சோதித்துவிடுங்கள், எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

சீடன் அந்தச் சண்டையைப் பார்க்கும் ஷாட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அதை முதலில் எடுத்துவிடுங்கள், நேரம் போதாமல் போனால் அடிகளைக் குறைத்துக்கொள்ளலாம்.