இரும்பு ஓட்டையாகிறதே, என்ன செய்வது?

கேள்வி: பழைய நட், போல்ட், ஸ்பேனர்களை வைத்து வெல்டிங்கில் ஒரு பறவை செய்யப் பார்க்கிறேன். ஒன்று ஓட்டை விழுகிறது, இல்லாவிட்டால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?

பதில்: ஓட்டை விழுந்தால் தகடு மெலிசு, அல்லது ஆம்பியர் அதிகம். 3 மி.மீ. கனமுள்ள இரும்பில், 2.5 மி.மீ. வெல்டிங் ராடு வைத்து 70, 80 ஆம்பியரில் பழகுங்கள். ஒட்டவில்லையென்றால் பெரும்பாலும் துருவும் பெயின்ட்டும்தான் காரணம். கிரைண்டரால் இரும்பு பளபளவென்று தெரியும்வரை தேயுங்கள், எர்த் கிளாம்ப் (மெஷினின் இன்னொரு வயரை இரும்போடு இணைக்கும் பிடி) பிடிக்கிற இடத்தையும் சேர்த்து. அப்புறம், ஒரேயடியாக வெல்டு போட்டு முடிக்காதீர்கள்: முதலில் அங்கங்கே பொட்டு வைத்ததுபோல் டேக் போட்டு, தள்ளி நின்று சுற்றிவந்து பாருங்கள், கழுத்து சாய்ந்திருந்தால் அந்தக் கட்டத்தில் பிரிப்பது சுலபம். முழு வெல்டு ஆறும்போது சுருங்கி இறக்கையைத் தன் பக்கம் இழுத்துவிடும், அதனால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். துத்தநாகம் பூசிய போல்ட்டையும் குரோம் பூசிய ஸ்பேனரையும் தொடவே வேண்டாம். துத்தநாகப் புகை குளிர்காய்ச்சலில் படுக்கவைக்கும், குரோம் புகை அதைவிட மோசம். 10ஆம் எண் கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடி இல்லாமல் ராடைக் கையில் எடுக்காதீர்கள். ராடு நுனியில் எரியும் ஆர்க் வெளிச்சம் வெறும் கண்ணில் பட்டால், ராத்திரி மணலைக் கொட்டியதுபோல் உறுத்தும்.