அலமாரிக்குள் கீரை: விளக்கு வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி (கும்பகோணம் வாசகி): இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர் ஒட்டிய பழைய ஓட்டு வீட்டில் குடியிருக்கிறோம். முற்றத்தை எப்போதோ மூடிவிட்டதால் வெயில் உள்ளே வருவதில்லை. மொட்டை மாடியும் கிடையாது. கூடத்தில் 3 அடி அகலம், 2 அடி ஆழம், 6 அடி உயரத்தில் ஒரு மர அலமாரி காலியாக இருக்கிறது. அதில் எல்.இ.டி. விளக்கு கட்டிக் கீரையும் புதினாவும் வளர்க்க விரும்புகிறேன். இணையத்தில் ‘1000 வாட் செடி விளக்கு’ 3,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: அலமாரியில் கீரை வளர்க்கலாம், அம்மா. அந்த விளக்கை மட்டும் வாங்க வேண்டாம்.

1000 வாட் என்பது ஏறக்குறைய நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரம். அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது உண்மையாக இருந்தால், ஓர் இஸ்திரிப் பெட்டியை ஒரு நாளில் பதினான்கு மணி நேரம் மர அலமாரிக்குள் எரியவிடுவதற்கு அது சமம். கீரை வதங்குவதற்கு முன் அலமாரியே கருகிவிடும். நல்லவேளையாக, பெரும்பாலும் அது உண்மையாக இருப்பதில்லை. சென்ற ஆண்டு நான் அப்படி ஒரு விளக்கை வாங்கி, பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே செருகும் சிறிய வாட் மீட்டரில் போட்டுப் பார்த்தேன். பெட்டியில் 1000 என்று கொட்டை எழுத்து. மீட்டரில் 97, 98 என்று எண் மாறி மாறி நின்றது. உள்ளே இருக்கும் சில்லுகள் ஒவ்வொன்றும் உச்சபட்சம் தாங்கக்கூடிய அளவைக் கூட்டிப் போட்டோ, பழைய வகை விளக்கு ஒன்றுக்குச் சமானம் என்று சொல்லியோ இந்தப் பெரிய எண்ணை அச்சிடுகிறார்கள். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “சுவர் பிளக்கிலிருந்து இது எத்தனை வாட் இழுக்கும்?” என்பதுதான். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

இரண்டாவது கேள்வி வெளிச்சத்தைப் பற்றியது. லூமென் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதைச் சொல்லும் அளவு. செடிக்கு வேண்டியது, 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளத்துக்குள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் (துகள்களை எண்ணும் அலகு; பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்) ஒளித்துகள் விழுகிறது என்ற கணக்கு. உச்சி வெயிலில் அது சுமார் 2,000. இளங்கீரைக்கு 200 கிடைத்து, 14 மணி நேரம் எரிந்தால், ஒரு நாளில் ஏறத்தாழ 10 மோல் சேரும். மெல்லிய இலை பறிப்பதற்கு அது போதும். உங்கள் அலமாரித் தட்டின் பரப்பு அரைச் சதுர மீட்டரைவிடச் சற்றே கூடுதல். சுவரிலும் கதவிலும் வீணாவதைக் கழித்துப் பார்த்தால், ஒரு வாட்டுக்கு 2.5 மைக்ரோமோல் தரும் நல்ல விளக்கு என்றால் 60 முதல் 70 வாட் போதுமானது. இந்த 2.5 என்ற எண்ணை நல்ல தயாரிப்பாளர்கள் விவரத்தாளில் எழுதியே வைத்திருப்பார்கள்.

ஊதா நிறமாக எரியும் விளக்கு வேண்டாம், வெள்ளையாக எரிவதை வாங்குங்கள். ஊதா வெளிச்சத்திலும் செடி வளரும் என்றாலும், இலை மஞ்சளாகிறதா, அடியில் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. தெரிய வரும்போது பாதிச் செடி போயிருக்கும்.

முதல் முயற்சிக்கு இவ்வளவு செலவு எதற்கு என்று தோன்றினால், பக்கத்து மின்சாதனக் கடையில் 2 அடி நீளமுள்ள 10 வாட் எல்.இ.டி. டியூப் லைட் ஆறு வாங்கி, அரையடிக்கு ஒன்றாக வரிசையாகப் பொருத்திக்கொள்ளுங்கள். அலமாரியின் ஆழமும் 2 அடிதான் என்பதால், டியூபின் முழு நீளத்தையும் கடையிலேயே அளந்து பார்த்து வாங்க வேண்டும். சிறப்பு விளக்கைவிட இதில் ஒளி குறைவுதான். ஆனாலும் வெந்தயக்கீரைக்கும் புதினாவுக்கும் போதும், கெட்டுப்போனால் அதே கடையில் மாற்றிக்கொள்ளவும் முடியும். என் வீட்டில் இரண்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. எந்த விளக்கானாலும் இலைக்கு ஓரடி முதல் ஒன்றரை அடி உயரத்தில் நிற்கட்டும். அலமாரியின் உட்புறத்துக்கு வெள்ளை வண்ணம் பூசினால், சுவரில் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதி செடிக்கே திரும்பி வரும். அந்த வண்ணச் செலவு, விளக்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைவிடப் பயனுள்ளது என்பது என் அனுபவம்.

நம் ஊர் வெக்கையை மறந்துவிடக் கூடாது. விளக்கு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அலமாரிக்குள் வெப்பமாகத்தான் மாறும். சித்திரை, வைகாசியில் கதவைச் சாத்தி வைத்தால் உள்ளே இருப்பது அவியும். மேல் பலகையில் ஒரு துளை போட்டு, கணினிக்குப் பொருத்தும் சிறிய மின்விசிறி ஒன்றை வெளிப்பக்கம் காற்றைத் தள்ளும்படி வையுங்கள். டைமரை மாலை 6 மணிக்கு விளக்கு எரியத் தொடங்கி மறுநாள் காலை 8 மணிக்கு அணையும்படி அமைத்தால், விளக்கின் சூடும் பகலின் சூடும் ஒன்று சேராது. கொத்தமல்லி வெப்பத்தில் சீக்கிரம் பூத்துவிடும் என்பதால் அதைக் கார்த்திகைக்குப் பிறகு விதையுங்கள். தண்டுக்கீரை கடும் வெயில் கேட்கும். அலமாரியில் நூல்போல நீண்டு சாயும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் இதைப்போல் இரண்டு மடங்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் அந்த ஆசை வேண்டாம்.

மாடியில் வெயில் படும் இடம் வைத்துக்கொண்டு இதே கேள்வியை எழுதியிருக்கும் மற்றவர்கள் விளக்கே வாங்க வேண்டியதில்லை. நிழல்வலை ஒன்று கட்டினால் போதும்.

கேள்வி (திருவாரூர் வாசகி): கல்லூரியில் படிக்கும் என் மகன் துணிக் கூடாரமும் எல்.இ.டி. விளக்கும் வரவழைத்துத் தன் அறை பீரோவுக்குள் பொருத்தியிருக்கிறான். கீரை வளர்க்கத்தான் என்கிறான். ஆனால் விளக்கின் பெட்டியிலும் கையேட்டிலும் கஞ்சா இலைப் படம் இருக்கிறது. விற்றவர் ‘விதையும் அனுப்புகிறேன்’ என்று செய்தி அனுப்பியிருப்பதையும் பார்த்தேன். விளக்கு வைத்திருப்பதே குற்றமா? எனக்குத் தூக்கமே வரவில்லை.

பதில்: விளக்கும் கூடாரமும் வைத்திருப்பது குற்றமில்லை. அந்தப் படம் ஏன் இருக்கிறது என்பதற்கும் நேரான காரணம் உண்டு. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல், பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரையிலும், ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்த ஒருவருக்கு மூன்று செடி வரையிலும் வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது. இத்தகைய விளக்குகள் அந்தச் சந்தையைக் குறிவைத்தே தயாராகி, அதே பெட்டியோடும் கையேட்டோடும் இங்கே வந்துசேர்கின்றன. அந்தக் கையேட்டில் இருக்கும் நேரக் கணக்கு வேறொரு செடிக்கானது. கீரைக்கு அது உதவாது என்பதால் எடுத்து வைத்துவிடலாம்.

விதை வந்து மண்ணில் விழுந்தால் நிலைமை வேறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் 8ஆவது பிரிவு, கஞ்சாச் செடியைப் பயிரிடுவதைத் தடை செய்கிறது. 20ஆவது பிரிவின்படி, பயிரிடுபவருக்குப் பத்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஒரு செடிதானே, சொந்த உபயோகத்துக்குத்தானே என்று சிலர் தைரியம் சொல்வார்கள். பயிரிடுவது பற்றிய உட்பிரிவில் இத்தனை செடி வரை பரவாயில்லை என்ற விலக்கு எதுவும் இல்லை. ‘கஞ்சா’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் பூவோடும் காயோடும் கூடிய நுனிப்பகுதிதான் வருகிறது, விதை தனியாக வரவில்லை என்பது உண்மைதான். அதைச் சொல்லித்தான் விதை விற்பவர்கள் வாங்குபவரை நம்ப வைக்கிறார்கள். ஆனால் அந்த விதை முளைத்தால் அது கஞ்சாச் செடி. வளர்ப்பவர் உங்கள் மகன். வெளிநாட்டிலிருந்து வரும் விதை என்றால், 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் வேண்டும்.

சித்த மருத்துவத்தில் உண்டே, உத்தராகண்டில் வளர்க்கிறார்களே என்றும் வாதம் வரும். இரண்டுமே அரசு உரிமத்தோடு நடப்பவை; உத்தராகண்டில் நாருக்கும் விதைக்கும் போதை குறைந்த வகையைத்தான் அனுமதிக்கிறார்கள். பீரோவுக்கு அந்த உரிமம் கிடைக்காது.

உங்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும், அம்மா. அதே சட்டத்தின் 25ஆவது பிரிவு, தன் வீடோ அறையோ இப்படிப்பட்ட குற்றத்துக்குப் பயன்படுவதைத் தெரிந்தே அனுமதிப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது. தெரிந்த பிறகு பேசாமல் இருப்பது உங்களையும் காக்காது, அவனையும் காக்காது. விதை இன்னும் வரவில்லை என்றால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பிரிவுகளை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். விளக்கைப் பிடுங்கிப் போட வேண்டாம். ஒரு தட்டில் வெந்தயத்தை நீங்களே ஊறவைத்துக் கொடுங்கள். உண்மையிலேயே கீரைதான் அவன் எண்ணம் என்றால் நாலு நாளில் முளை தெரியும்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): ‘2000 வாட்’ என்ற விளக்கை இணையத்தில் 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். சோதித்ததில் 190 வாட்தான் இழுக்கிறது. ‘அது சமான வாட்’ என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். வழி உண்டா?

பதில்: உண்டு. ‘சமானம்’ என்ற சொல் நீங்கள் வாங்கிய நாளில் விளம்பரத்தில் இருந்ததா என்பதில்தான் இந்த வழக்கு நிற்கிறது. விளம்பரப் பக்கம் மாறுவதற்கு முன் அதைப் படம் எடுத்து வையுங்கள். பெட்டியில் அச்சிட்டிருப்பதையும், மீட்டரில் எண் தெரியும்படி விளக்கு எரிவதையும் ஒரே காணொளியாக எடுங்கள். ரசீதோடு இவை மூன்றும் இருந்தால் போதும்.

முதலில் அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு சொல்ல வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பல நிறுவனங்கள் இந்த நிலையிலேயே பணத்தைத் திருப்பிவிடுகின்றன. அப்படியும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது; வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு என்பதால், விளக்கைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே வைத்திருங்கள்.

இவையெல்லாம் விற்பவருக்குப் பெயரும் முகவரியும் இருந்தால்தான் நடக்கும். சமூக ஊடகப் பக்கத்தில் ஓர் எண்ணை மட்டும் கொடுத்துப் பணத்தை முன்கூட்டியே கேட்பவரிடம் வாங்கியிருந்தால், யார் மீது வழக்குப் போடுவது என்பதே கேள்வியாகிவிடும். அடுத்த முறை பெட்டியில் இறக்குமதியாளர் முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விலை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பதிவு எண் உண்மையா என்பதை அந்த அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்க்கலாம்.

கேள்வி (மன்னார்குடி வாசகர்): தினமும் பதினான்கு மணி நேரம் எரிந்தால் மின்கட்டணம் எவ்வளவு கூடும்? தண்ணீரும் மின்சாரமும் ஒரே அலமாரிக்குள் இருப்பது பயமாக இருக்கிறது.

பதில்: 65 வாட் விளக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.9 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 55 யூனிட் இழுக்கும். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் ஏற்கெனவே 460, 470 யூனிட் ஓடும் வீட்டில் இந்த 55 சேர்ந்தால், 500ஐத் தாண்டி மொத்தக் கணக்கும் மேல் வரிசைக்குப் போய்விடும். கடைசி இரண்டு ரசீதுகளை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பயம் நியாயமானது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லை என்றால், விளக்குக்கு முன்பாக அதை வாங்குங்கள். பிளக் பலகையை அலமாரிக்கு வெளியே, தொட்டிகளைவிட உயரத்தில் பொருத்துங்கள். விளக்கிலிருந்து வரும் ஒயரை நேராகப் பிளக்குக்குக் கொண்டுபோகாமல், பிளக்கைவிடக் கீழே ஒருமுறை தொய்வாகத் தொங்கவிட்டு மேலேற்றுங்கள். ஐப்பசி அடைமழையில் சுவரே வியர்க்கும்போது, ஒயர் வழியாக வழியும் நீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகி): விளக்குக்குச் செலவிட வசதியில்லை. இருட்டு அலமாரியில் வேறு ஏதாவது வளர்க்க முடியுமா?

பதில்: காளான் வளர்க்கலாம். நம் பக்கத்தில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. 30 டிகிரிக்கு மேலும் நன்றாக வரும் பால் காளான் நம் வெக்கைக்கு ஏற்றது. கொஞ்சம் வெளிச்சமும் நல்ல காற்றோட்டமும் போதும். ஆனால் கதவை முழுக்கச் சாத்தி வைத்தால் காம்பு மட்டும் நீளும். பணம் கொடுத்து வாங்க வேண்டியதில் முக்கியமானது காளான் வித்து. பையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: தானியத்தின் மேல் பஞ்சுபோல வெள்ளை நூல் சீராகப் படர்ந்திருக்க வேண்டும். எங்காவது ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தாலும் அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.