போல்ட் இட்டாலிக் ஸ்லாப் எழுத்து: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அண்ணா, ஸ்லாப் செரிஃப் என்றால் என்ன? டைம்ஸ் நியூ ரோமனிலும் செரிஃப் இருக்கிறதே?

இருக்கிறது தம்பி. எழுத்துக் கோட்டின் முனையில் வரும் சிறு நீட்டல்தான் செரிஃப். ஆனால் டைம்ஸில் அது மெலிந்து முடியும். ஸ்லாப்பில் கோடு எவ்வளவு தடிமனோ, கிட்டத்தட்ட அதே தடிமனில் அடியில் ஒரு கட்டை கிடக்கும், வாசற்படிக்கல் மாதிரி. ராக்வெல் என்ற ஸ்லாப் எழுத்துருவில் ஆங்கிலப் பெரிய 'ஐ'யை அடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை, நடுவே தூண்.

கேள்வி: இது எப்போது வந்தது?

1810களில், லண்டனில். எழுத்து வார்ப்பாளர் வின்சென்ட் ஃபிக்கின்ஸ் தன் எழுத்து மாதிரிப் புத்தகத்தில் 'ஆன்டிக்' என்ற பெயரில் காட்டினார். சுவரொட்டிகளுக்கு அப்போது உரத்த எழுத்து தேவைப்பட்டது. எகிப்து மோகம் பரவியிருந்த காலம் என்பதால் 'எகிப்தியன்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. மெம்ஃபிஸ், கர்நாக் என்று பின்னால் வந்த ஸ்லாப் எழுத்துருக்களின் பெயர்களிலும் அந்த வாசனை உண்டு. 1845இல் வந்த கிளாரண்டன்தான் எனக்குப் பிடித்தது. அகராதியில் சாதாரண எழுத்துக்கு நடுவே தலைச்சொல்லைத் தூக்கிக் காட்ட அது அவ்வளவு பொருத்தம்.

கேள்வி: இட்டாலிக், அதாவது சாய்வெழுத்து வேண்டுமென்றால் மென்பொருளில் பொத்தானை அழுத்தினால் போதாதா?

போதாது. இதை அழுத்தமாகவே சொல்கிறேன். ஆங்கிலத்தின் வட்டமான 'ஓ'வை இயந்திரம் அப்படியே சாய்த்தால், வலது மேல்மூலையும் இடது கீழ்மூலையும் தடித்துவிடும். மற்ற இரு மூலைகளும் மெலியும். போல்டில், அதாவது தடித்த எழுத்தில், இது இன்னும் அசிங்கமாகத் தெரியும். சின்ன 'என்'னில் வளைவு தூணோடு சேரும் இடுக்கைப் பாருங்கள்: அங்கே கருப்பு அடைத்துக்கொள்ளும். கையால் திருத்தி வரைந்த போல்ட் இட்டாலிக்கில் அந்த இடுக்கைக் கொஞ்சம் செதுக்கி வெளிச்சம் விட்டிருப்பார்கள்.

ரோபோட்டோ ஸ்லாப் என்ற எழுத்துருவில் இட்டாலிக்கே கிடையாது. உலாவி தானாகச் சாய்த்துக் காட்டும். ஸில்லா ஸ்லாப், ஆர்வோ, அலியோ மூன்றிலும் போல்ட் இட்டாலிக் தனிக் கோப்பாகவே வருகிறது. மூன்றும் இலவசம். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கே பயன்படுத்தலாம் சார்?

எடையும் வேகமும் சேர்ந்து வேண்டிய இடத்தில். விளையாட்டு அணியின் பெயர், ஜெர்சி, விலைக்குறி, பத்திரிகைத் தலைப்பு. மூன்று நான்கு சொல்லோடு நிறுத்துங்கள். ஒரு பத்தி முழுக்கப் போட்டால் கட்டைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, கண் இரண்டாவது வரியிலேயே களைத்துவிடும்.

கேள்வி: அப்படியானால் புத்தகத்துக்கு ஸ்லாப் ஆகாதா?

ஆகும், கோடு மெல்லியதாக இருந்தால். மின்நூல் படிக்கும் பழைய கிண்டில் கருவிகளில் வந்த சிசிலியா என்ற எழுத்துருவும் ஸ்லாப் வகைதான். அதன் இட்டாலிக் பேனா ஓட்டத்தோடு வரையப்பட்டது. ராக்வெல் இட்டாலிக்கை அருகில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

கேள்வி: போஸ்டரில் பக்கத்திலேயே தமிழ் வரி வருகிறது. அதையும் சாய்க்கட்டுமா?

வேண்டாம்மா. தமிழில் சாய்வெழுத்துக்கென்று ஆங்கிலத்தில் இருப்பது போன்ற மரபு இல்லை. சாய்த்தால் 'ஞ', 'ழ' போன்றவற்றின் சுழிகள் நசுங்கும். தமிழை நேராகவே நிறுத்தி, கோட்டுத் தடிமன் மட்டும் ஆங்கிலத்துக்கு ஈடாக இருக்கிற எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஒரு பிரதி அச்செடுத்து, சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.