ஸ்பானிஷ் இரண்டாம் நிலை: இரண்டு இறந்தகாலம் குழப்பினால்

காட்பாடியில் ஆன்லைனில் ஸ்பானிஷ் முதல் நிலை முடித்த மகன், அமெரிக்கப் பள்ளியில் நேராக இரண்டாம் நிலையில் சேரப்போகிறான், ஸ்பானிஷின் இரண்டு இறந்தகால வடிவங்களும் பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காக அவனை முதல் நிலைக்கு இறக்கச் சொல்லாதீர்கள். அந்த வகுப்பில் முக்கியப் பாடமே பெரும்பாலும் அதுதான். தெரிந்துகொண்டு வர வேண்டியதில்லை.

அவன் ஆங்கிலம் வழியாக யோசிக்கிறான் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரே வினை இரண்டுக்கும் வந்துவிடும். தமிழில் வராது:

"நேற்று கோட்டைக்குப் போனோம்": ஃபுய்மோஸ்.
"சின்ன வயசில் ஞாயிறானால் கோட்டைக்குப் போவோம்": ஈபாமோஸ்.

ஒருமுறை நடந்து முடிந்தது முதலாவது, வழக்கமாக நடந்தது இரண்டாவது. "மழை பெய்துகொண்டிருந்தது" என்பதும் இரண்டாவது வகைதான். என் அக்கா மகளுக்கு இந்தக் கோட்டை வாக்கியங்களைச் சொன்ன அன்றுதான் விஷயம் பிடிபட்டது.

சோதித்துப் பாருங்கள்: போன கோடை விடுமுறையைப் பற்றி ஐந்து வாக்கியம் தமிழில் எழுதச் சொல்லி, பிறகு ஸ்பானிஷில் மாற்றச் சொல்லுங்கள். எந்தக் காலம் என்பதில் தவறினால் இந்த வழி உதவும். விகுதியில் தவறினால் மனப்பாடம்தான், தினமும் பத்து நிமிடம்.

ஒன்று கவனிக்கவும். "வீடு பெரிதாக இருந்தது" என்பதுபோல் "இருந்தது" தனி வினையாக வரும் இடத்தில் தமிழ் கைகொடுக்காது, அது இரண்டு வடிவத்துக்கும் பொருந்தும். அப்புறம், பாடத்திட்டம் பள்ளிக்குப் பள்ளி மாறும். சேருமுன் ஆசிரியரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.