கைக்கெட்டும் தூரம் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்களைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் டெக்சஸில், டாலஸ் பக்கத்தில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரிட்டனில் கைத்துப்பாக்கியைத் தடை செய்தார்கள். இப்போது அங்கே கத்திக்குத்துச் செய்தி இல்லாத நாள் உண்டா? சவுத்போர்ட்டில் மூன்று பெண் குழந்தைகளைக் கொன்றது துப்பாக்கியா? அமெரிக்காவிலேயே எஃப்.பி.ஐ. கணக்குப்படி ரைஃபிளால் கொல்லப்படுகிறவர்களைவிடக் கத்தியால் கொல்லப்படுகிறவர்கள் அதிகம். கொல்ல நினைப்பவன் எதை வைத்தாவது கொல்வான். கெட்டது மனதில் இருக்கிறது, கருவியில் இல்லை. நாளைக்குச் சமையலறைக் கத்தியையும் பூட்டி வைக்கச் சொல்வீர்களா? துப்பாக்கி வைத்திருப்பது இங்கே அரசியலமைப்பு கொடுத்த உரிமை. அதையும் நீங்கள் மதிக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தது. மனைவி பயப்படுகிறாள். நான் வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர் போகிறவன். மகனுக்குப் பதினாறு வயது. கொஞ்ச நாளாக யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை, அறைக்குள்ளேயே இருக்கிறான். வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்றிருக்கிறேன். இதில் என்ன தவறு என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
கே.

*

அன்புள்ள தம்பி கே.,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் ஒரு பழைய பெட்டியைக் காலி செய்தேன். அடியில் என் சாம்பல் நிறக் குளிர் அங்கி கிடந்தது. வலது கைப்பட்டையில் கறை. சலவைக்குப் போட்டும் போகாத கறை. அதைத் தூக்கிப் போடவும் முடியவில்லை, திரும்ப மடித்து வைக்கவும் முடியவில்லை. நாற்காலி முதுகில் மாட்டி வைத்திருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

2008 நவம்பர். லண்டனில் லூயிஷம் பகுதி. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் ஆறேழு பேர் நின்றிருந்தோம். பள்ளிச் சீருடையில் ஒரு பையன் ஓடி வந்தான். எங்கள் அருகே வந்ததும் களைத்துப் போனவன் மாதிரி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். பஞ்சு வைத்துத் தைத்த உப்பலான ஜாக்கெட் போட்டிருந்தான். இடது பக்கம், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஒரு கிழிசல். இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. அதிலிருந்து வெள்ளைப் பஞ்சு துருத்திக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பஞ்சு சிவந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு பெண், துப்புரவு வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவர், தன் கழுத்துத் துண்டை உருவிச் சுருட்டி என் கையில் திணித்தார். "இங்கே வை. அழுத்து. என்ன ஆனாலும் கையை எடுக்காதே" என்றார். பையனின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இன்னொருவர் ஆம்புலன்சைக் கூப்பிட்டார். நான் முட்டி போட்டு அழுத்திக்கொண்டே இருந்தேன். அவன் மூச்சு ஏறி இறங்குவது என் உள்ளங்கையில் தெரிந்தது. "அம்மாவிடம் சொல்லாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னான்.

குத்தியவனும் பின்னாலேயே ஓடி வந்திருந்தான். தெருவுக்கு அந்தப் பக்கம், மூடிய கடை ஒன்றின் முன்னால் நின்றான். அவனும் சீருடையில்தான் இருந்தான். கத்தியை எங்கோ போட்டுவிட்டிருந்தான். இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தான். எங்களோடு நின்றிருந்த ஒரு முதியவர் மெதுவாகத் தெருவைக் கடந்து போய் அவன் தோளில் கை வைத்தார். போலீஸ் வரும்வரை அப்படியே நின்றார்.

பையன் பிழைத்தான். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள் என்று, பிறகு வாக்குமூலம் வாங்க வந்த போலீஸ்காரர் சொன்னார்.

இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன். "கொல்ல நினைப்பவன் எதை வைத்தாவது கொல்வான்." எத்தனை பேர் எத்தனை முறை சொன்ன வரி இது! தம்பி, அந்த மாலையில் கொல்ல நினைத்தவன் யார்? சாலை கடந்து நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்த அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையா? அவன் ஏதோ ஒரு நொடியில் கையை நீட்டினான். கத்தி உள்ளே போவதைத் தன் கையால் உணர்ந்தான். உணர்ந்ததும் பயந்தான். அவன் கையில் கைத்துப்பாக்கி இருந்திருந்தால், பயம் வருவதற்குள் மூன்று முறை விசையை அழுத்தியிருப்பான். மனம் அதே மனம், கோபமும் அதே கோபம். ஆனால் அந்தப் பையன் பிணவறைக்குப் போயிருப்பான்.

இது என் உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். சிகாகோ போலீஸ் பதிவுகளை வைத்து ஃபிராங்க்ளின் ஜிம்ரிங் என்ற சட்ட ஆய்வாளர் 1968இல் இதைத்தான் பார்த்தார். கத்தியால் தாக்கியவர்களையும் துப்பாக்கியால் தாக்கியவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆட்கள் ஒரே மாதிரி, சண்டைக்குக் காரணமும் ஒரே மாதிரி. தெரிந்தவர்களுக்குள் வாய்த் தகராறு, குடி, குடும்பச் சச்சரவு. பெரும்பாலானோர் திட்டமிட்டுக் கொல்ல வந்தவர்கள் இல்லை. ஆனால் துப்பாக்கித் தாக்குதலில் சாவு ஏறக்குறைய ஐந்து மடங்கு. பிறகு துப்பாக்கிகளையே தங்களுக்குள் ஒப்பிட்டார். சின்னத் தோட்டா பட்டவர்களைவிடப் பெரிய தோட்டா பட்டவர்கள் அதிகமாகச் செத்திருந்தார்கள். கெட்டது மனதில் மட்டும்தான் இருக்கிறது என்றால் தோட்டாவின் பருமனுக்கு ஏன் அங்கே வேலை?

2012 டிசம்பர் 14 என்ற ஒரு தேதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்குள் ஒருவன் கத்தியோடு புகுந்தான். 23 குழந்தைகளை வெட்டினான். கொடூரமான காயங்கள். ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. அதே நாள், அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுனில், சாண்டி ஹூக் பள்ளிக்குள் ஒருவன் ரைஃபிளோடு புகுந்தான். 20 குழந்தைகள், 6 பெரியவர்கள் செத்தார்கள். இரண்டு பேர் மனதிலும் இருந்த இருட்டை அளந்து, எது அதிகம் என்று உங்களால் சொல்ல முடியுமா?

கத்தியால் கூட்டக் கொலை நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். 2016இல் ஜப்பானின் சகமிஹாராவில் மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் 19 பேரைக் கத்தியாலேயே கொன்றான் ஒருவன். நடு இரவு. தூங்கிக்கொண்டிருந்தவர்கள், ஓட முடியாதவர்கள். அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள்.

சவுத்போர்ட்டுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு உங்கள் மேல் கோபம். 2024 ஜூலை 29. கோடை விடுமுறை நடன வகுப்பு. மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். அந்த மூன்று பெற்றோரும் செய்யாத வாதத்துக்கு அவர்கள் குழந்தைகளை நீங்கள் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள். கூப்பிட்டதுதான் கூப்பிட்டீர்கள், அன்று நடந்ததை முழுக்கப் படித்தீர்களா? அந்த அறையில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். எட்டுக் குழந்தைகளும் இரண்டு பெரியவர்களும் குத்துப்பட்டு உயிர் பிழைத்தார்கள். சத்தம் கேட்டுப் பக்கத்து அலுவலகத்திலிருந்து ஒருவர் வெறுங்கையோடு ஓடி வந்தார். காலில் குத்து வாங்கினார். ஓடி வர முடிந்தது, தம்பி. அதைத்தான் சொல்கிறேன். அதே அறையில் அதே ஆள் ரைஃபிளோடு நின்றிருந்தால், நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில் எண்ணிக்கை மூன்று என்று இருந்திருக்காது.

கத்தி கைக்கெட்டும் தூரம்வரைதான். அதைத் தாண்டினால் நீங்கள் ஓடலாம், நாற்காலியைத் தூக்கலாம், கதவைச் சாத்தலாம். 2019 நவம்பரில் லண்டன் பாலத்தை ஒட்டிய ஒரு மண்டபத்தில் ஒருவன் இரண்டு பேரைக் குத்திக் கொன்றான். சாதாரண மனிதர்கள் தீயணைப்புக் கருவியை எடுத்துக்கொண்டு அவனைத் துரத்தினார்கள். ஒருவர் சுவரில் அலங்காரமாக மாட்டியிருந்த நார்வால் திமிங்கிலத்தின் நீளமான தந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். 2024 ஏப்ரலில் சிட்னியின் பாண்டை ஜங்ஷன் வணிக வளாகத்தில் ஆறு பேரைக் கொன்றவனை, மேலே ஏற விடாமல் எஸ்கலேட்டர் உச்சியில் ஒருவர் தடுப்புத் தூணைக் கையில் பிடித்துக்கொண்டு மறித்து நின்றார்.

உங்கள் மாநிலத்தில் 2022 மே 24 அன்று என்ன நடந்தது? யுவால்டி. தொடக்கப் பள்ளி. 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். வந்து குவிந்த காவல் அதிகாரிகள் 376 பேர். எல்லாருக்கும் பயிற்சி உண்டு, ஆயுதம் உண்டு. ஒரு பதினெட்டு வயதுப் பையனின் ரைஃபிளுக்கு அஞ்சி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நடைக்கூடத்திலும் வெளியிலும் நின்றார்கள். உள்ளேயிருந்து குழந்தைகள் போனில் உதவி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தால் போதும் என்பார்கள் உங்கள் ஊரில். அங்கே 376 பேர் கையில் இருந்தது.

என்னை அந்த அதிகாரிகளைவிடத் தைரியசாலி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். லூயிஷத்தில் நான் முட்டி போட்டபோது என் முதுகு தெருவைப் பார்த்து இருந்தது. குத்தியவன் அந்தப் பக்கம்தான் நின்றான். எனக்குப் பயம் தோன்றவே இல்லை. அவனுக்கும் எனக்கும் நடுவே ஒரு தெரு இருந்தது, அவ்வளவுதான் காரணம். அவன் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் நான் பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடிக்குப் பின்னால் சுருண்டிருப்பேன், அந்தப் பெண்மணி தன் துண்டை உருவியிருக்க மாட்டார், அந்த முதியவர் தெருவைக் கடந்திருக்க மாட்டார். பையன் தனியாகக் கிடந்திருப்பான்.

எஃப்.பி.ஐ. கணக்கு. சரி, அதையும் பார்த்துவிடுவோம். 2019ஆம் ஆண்டு: ரைஃபிள் 364, கத்தி 1,476. நீங்கள் சொன்னது உண்மைதான். அதே அட்டவணையில் கைத்துப்பாக்கி 6,368 என்று இருக்கிறது. எந்த வகைத் துப்பாக்கி என்றே குறிக்காதவை மூவாயிரத்துக்கு மேல். நீங்கள் வாங்கப் போவது ரைஃபிள் இல்லையே, கைத்துப்பாக்கிதானே? அந்த வரியை விட்டுவிட்டுப் பக்கத்து வரியை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். இன்னொன்று. இங்கிலாந்து, வேல்ஸில் அந்த 2019 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 250 பேர் கத்தியால் கொல்லப்பட்டார்கள். உங்கள் நாட்டின் மக்கள்தொகை அதைப் போல ஐந்தரை மடங்கு. பெருக்கிப் பாருங்கள். கத்திக்குச் சாகிறவர்கள் தலைக்கணக்கில் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். பிரிட்டன்காரர்கள் துப்பாக்கி கிடைக்காததால் கத்திக்கு மாறினார்கள் என்றால், துப்பாக்கி தாராளமாகக் கிடைக்கும் உங்கள் நாட்டில் கத்தி குறைந்திருக்க வேண்டாமா? குறையவில்லை. அதற்கு மேலே துப்பாக்கிக் கொலைகள் பத்தாயிரம் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

கைத்துப்பாக்கித் தடை கத்திக்குத்தை நிறுத்துவதற்காக வந்ததே இல்லை. 1996இல் டன்பிளேனில் 16 குழந்தைகளும் அவர்கள் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு வந்தது. அதற்குப் பிறகு பிரிட்டனில் ஒரு பள்ளியில்கூட அப்படி நடக்கவில்லை. கத்திக்கு வேறு வேலை செய்ய வேண்டும். கிளாஸ்கோவில் 2005லிருந்து அதை ஒரு நோய் மாதிரி எடுத்துக்கொண்டு செய்து, பலன் கண்டார்கள். லண்டனில் இன்னும் போதவில்லை.

சமையலறைக் கத்தி பற்றி நீங்கள் கேட்டது கேள்வியே இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கத்தி விற்கக் கூடாது, தக்க காரணம் இல்லாமல் தெருவில் கொண்டு போனால் நான்கு ஆண்டுவரை சிறை. அரசியலமைப்பு உரிமையையும் நான் மறுக்கவில்லை. 2008இல் ஹெல்லர் வழக்கில் உங்கள் உச்ச நீதிமன்றம் வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை உறுதி செய்தது. வைத்திருந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

தம்பி, இவ்வளவு எழுதிய பிறகு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். ஒரு வரியில் நின்றுவிட்டேன். திருட்டைப் பற்றியும் மனைவியின் பயத்தைப் பற்றியும் எழுதும்போது போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: பதினாறு வயது, யாரிடமும் பேசுவதில்லை, அறைக்குள்ளேயே இருக்கிறான். அதற்கு அடுத்த வாக்கியமே துப்பாக்கி வாங்குவது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய கைக்கு ஒன்றுமே தோன்றவில்லையா?

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,000க்கும் மேற்பட்டவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். கத்தியா துப்பாக்கியா என்று சண்டை போடுகிறவர்கள் யாரும் இவர்களைப் பேசுவதே இல்லை. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிறகு தற்கொலையில் சாவதில்லை. ஆனால் துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதே இல்லை. மனம் மாற ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. லூயிஷத்தில் அந்தப் பையனுக்குக் கிடைத்த தெரு இங்கே கிடையாது.

உங்கள் மகன் அப்படிப்பட்ட எண்ணத்தில் இருக்கிறான் என்று நான் சொல்லவில்லை. பதினாறு வயதில் பேசாமல் இருக்க ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் என்ன காரணம் என்று உங்களுக்கும் தெரியவில்லை. தெரியாமல் அந்த வீட்டுக்குள் துப்பாக்கியைக் கொண்டு போகாதீர்கள். பெட்டியில் பூட்டி வைப்பேன் என்பீர்கள். வீட்டில் சாவி எங்கே இருக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். திருட்டுக்குக் கதவைப் பலமாக்குங்கள், அலாரம் போடுங்கள், மனைவி தனியாக இருக்கும் நாட்களில் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள்.

அடுத்த வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அவன் அறைக்குப் போய் உட்காருங்கள். படிப்பைப் பற்றிப் பேசாதீர்கள். அவன் பேசாவிட்டாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். பிறகு, செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. உங்களுக்கு எப்படிக் கேட்பதென்று தெரியாவிட்டால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், பெற்றோரும் கூப்பிடலாம், எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.

மற்ற வாதங்களை நாம் பிறகு பேசிக்கொள்ளலாம். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா