இரண்டு பேருக்குச் சாப்பிடவா, இராப்பட்டினி கிடக்கவா?

கேள்வி: தலைச்சன் பிள்ளை வயிற்றில், இது 16ஆம் வாரம். கடையில் கணக்கெழுதுகிறேன். உயரம் 158 செ.மீ., கர்ப்பத்துக்கு முன் எடை 82 கிலோ. "இரண்டு உயிருக்கும் சேர்த்துச் சாப்பிடு" என்கிறார் மாமியார். கிளினிக்கில் மிஸி (தாதி) எடை பார்க்கும்போதெல்லாம் ஏசுகிறார். இரவுச் சாப்பாட்டை நிறுத்தி எடையைக் குறைக்கலாமா? நாளுக்கு மூன்று தே தாரேக் (டின் பால் ஊற்றி ஆற்றிய தேநீர்) குடிப்பதைத் தவிர எனக்கு வேறு கெட்ட பழக்கம் இல்லை.
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: வேண்டாம் அம்மா. கர்ப்பிணி நெடுநேரம் வெறும் வயிற்றோடு கிடந்தால், உடம்பு மற்றவர்களைவிடச் சீக்கிரமே கொழுப்பைக் கரைக்கத் தொடங்கி, இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஏறும். அந்தப் பசியில் காலையில் நாசி லெமாக் இரண்டு பொட்டலம் உள்ளே போவது தனிக்கதை.

உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் உங்கள் உடல் நிறை எண் (BMI) 33ஐ ஒட்டி வருகிறது. 30க்கு மேல் இருப்பவர்களுக்குப் பிரசவம் வரை மொத்தம் 5 முதல் 9 கிலோ ஏறினால் போதும் என்பது 2009இல் அமெரிக்க மருத்துவ நிபுணர் குழு வகுத்த அளவு. உங்களுக்கு இனி வாரத்துக்குச் சுமார் 200 கிராம். எடையைக் குறைப்பதெல்லாம் பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். விடியுமுன் பால்மரம் வெட்டப் போய் வாளி சுமந்த தலைமுறையின் பேச்சு அது. நீங்கள் நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிறீர்கள்.

வினையே அந்தத் தே தாரேக்கில்தான். பால் டின்னைத் திருப்பிப் பொடியெழுத்தைப் படியுங்கள். 'கிரீமர்' என்றிருந்தால் நீங்கள் ஊற்றுவது பெரும்பாலும் சர்க்கரையும் செம்பனை எண்ணெயும்! மூன்றை ஒன்றாகக் குறையுங்கள், அதிலும் டின் பால் வேண்டாம், சாதாரணப் பால் கொஞ்சம் போதும். இரும்புச்சத்து மாத்திரையோடு மட்டும் தேநீர் குடிக்காதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது.

தட்டுக்குச் சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' (கால், கால், பாதி) கணக்கே போதும்: கால் பங்கு சோறு, கால் பங்கு கெம்போங் மீனோ தெம்பேயோ (புளித்த சோயா) பருப்போ, பாதித் தட்டு கங்குங், வெண்டைக்காய் மாதிரி காய்கறியும் பழமும். இரவு எட்டு மணிக்குள் இதையே சாப்பிடுங்கள். கணவர் பத்து மணிக்கு வாங்கி வரும் ரொட்டி சானாயை அவரே சாப்பிடட்டும். மருத்துவர் தடை சொல்லவில்லை என்றால் மாலையில் அரை மணி நேரம் நடக்கலாம்.

சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்துச் செய்யும் இரத்தச் சோதனையை இதுவரை செய்திராவிட்டால் உடனே கேளுங்கள்; முதலில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் செய்ய வேண்டும். மிஸி ஏசினால், உணவியல் அதிகாரியிடம் அனுப்பச் சொல்லுங்கள். அந்தச் சேவை உங்களுக்காகத்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். பின்மாதங்களில் திடீரென்று எடை ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியும் வந்தால் பழியைச் சோற்றின் மேல் போடாதீர்கள். இரத்த அழுத்தமாக இருக்கலாம். அடுத்த தவணைக்குக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.