கியூ உண்டு, யு இல்லை: ஐந்தெழுத்துச் சொற்களைத் தேடும் வழி

வணக்கம். தொடக்கநிலை 5இல் படிக்கும் உங்கள் மகன், பள்ளியில் நடக்கும் ஸ்கிராபிள் என்னும் சொல்லாட்டப் போட்டிக்காக, கியூ (Q) இருந்தும் யு (U) இல்லாத ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களைத் தேடுவதாக எழுதியிருந்தீர்கள். அகராதியைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டாம். கியூ எந்த இடத்தில் வருகிறது என்று பிரித்துக்கொண்டு தேடச் சொல்லுங்கள். ஒன்லுக் (OneLook) என்னும் அகராதித் தேடல் தளத்தில் ஒரு கேள்விக்குறி ஓர் எழுத்தைக் குறிக்கும். ஆகவே இரண்டு கேள்விக்குறி, கியூ, மீண்டும் இரண்டு கேள்விக்குறி என இட்டால், நடுவில் கியூ வரும் ஐந்தெழுத்துச் சொற்கள் கிடைக்கும். அவற்றில் யு உள்ளவற்றை நீக்கினால் ஃபகீர் (faqir, துறவி), நிகாப் (niqab, முகத்திரை) போன்றவை மிஞ்சும். தலாக் (talaq, மணவிலக்கு) சொல்லில் கியூ கடைசியிலும், கிப்லா (qibla, தொழுகைத் திசை) சொல்லில் முதலிலும் வரும். இவை பெரும்பாலும் அரபு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை என்பதால், மலாய் நண்பர்களோடு வளரும் நம் பிள்ளைகளுக்குக் காதில் விழுந்த சொற்களாகவே இருக்கும். பொருளோடு சொல்லிக்கொடுத்தால் எளிதில் மனத்தில் நிற்கும்.

அந்தத் தளத்தில் கிடைக்கும் எல்லாச் சொற்களும் ஆட்டத்தில் செல்லும் என்று சொல்ல முடியாது. இடப்பெயர்களும் ஆட்பெயர்களும் கலந்திருக்கும். போட்டிக்கு எந்தச் சொற்பட்டியல் என்று ஆசிரியரிடம் கேட்டு, அதில் ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். கியூவுக்கு 10 புள்ளி என்பதால் இந்த உழைப்பு வீண்போகாது.